நூறிலிருந்து தொண்ணூறுக்கு: பெட்ரோல், டீசல் கார்களைக் கைவிடும் ஐரோப்பாவின் அரசியல்

2022 ஜூன் 8 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. 2035 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்கள் கரியமில வாயுவை அறவே வெளியிடக் கூடாது என்பது சட்ட வரைவு. நூறு சதவீதக் குறைப்பு வேண்டாம், 90 போதும் என்று ஐரோப்பிய மக்கள் கட்சி திருத்தம் கொண்டுவந்தது. அந்த மன்றத்தின் மிகப் பெரிய அணி அதுதான். அப்படியிருந்தும் திருத்தம் தோற்றது. 339 பேர் ஆதரிக்க, 249 பேர் எதிர்க்க, நூறு சதவீதமே நின்றது. மூன்றரை ஆண்டு கழித்து, 2025 டிசம்பர் 16 அன்று, அந்தச் சட்டத்தை எழுதிய ஐரோப்பிய ஆணையமே அதைத் தளர்த்த முன்மொழிந்தது. அதில் இருந்த எண் 90.

இடைப்பட்ட காலத்தில் பூமியின் சூடு தணிந்துவிடவில்லை. பேட்டரி விலை ஏறவில்லை, இறங்கியது. மாறியது தேர்தல் கணக்கு. அதைவிட முக்கியமாக, குறித்த தேதி கிட்டே வந்துவிட்டது. ஐரோப்பாவின் கார் அரசியலை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்த்தால் ஒரே வழக்கம்தான் கண்ணில் படுகிறது. தேதி தொலைவில் இருக்கும்வரை ஆலைகளும் அரசுகளும் தலையாட்டுகின்றன. நெருங்கியதும் பேரம் தொடங்குகிறது. அந்தப் பேரத்தில் யார் என்ன கேட்டார்கள், எதைப் பெற்றார்கள் என்று பார்ப்பதே இங்கே நோக்கம்.

ஏட்டில் இருக்கும் சட்டம்

மேடைகளில் அடிபடும் சட்டம் ஒன்று, ஏட்டில் இருக்கும் சட்டம் வேறொன்று. 2023/851 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறை எந்த என்ஜினையும் தடை செய்யவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் காரை யாரும் பறிமுதல் செய்யப்போவதும் இல்லை. 2034இல் வாங்கிய டீசல் காரை அதன் ஆயுள் உள்ளவரை ஓட்டலாம், கைமாற்றி விற்கவும் செய்யலாம். சட்டம் பிடிப்பது உற்பத்தியாளரை. ஒரு நிறுவனம் ஓராண்டில் விற்கும் புதிய கார்கள் எல்லாவற்றுக்குமான சராசரி வெளியேற்றம் எவ்வளவு என்பதே கேள்வி. 2021ஆம் ஆண்டின் அளவை வைத்துப் பார்த்தால் அது 2025இல் 15 சதவீதமும், 2030இல் 55 சதவீதமும், 2035இல் 100 சதவீதமும் குறைந்திருக்க வேண்டும். கடைசிப் படியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடமில்லாமல் போகிறது.

மீறினால் அபராதம் கடுமையானது. கிலோமீட்டருக்கு ஒரு கிராம் கூடினால், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ. பத்து லட்சம் கார் விற்ற நிறுவனம் இலக்கைவிட 10 கிராம் கூடுதலாக வெளியிட்டால் 95 கோடி யூரோ கட்ட வேண்டும். பிரஸ்ஸல்ஸில் நடக்கும் ஒவ்வொரு சண்டைக்குப் பின்னாலும் நிற்பது இந்தப் பெருக்கல் கணக்குதான்.

சட்டத்தில் ஒரு சின்னப் பொந்தும் உண்டு. ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஆயிரம் காருக்குக் கீழே விற்பவர்களுக்கு இந்த இலக்கு கிடையாது; பத்தாயிரம்வரை விற்பவர்களுக்கு 2035 முடியும்வரை சலுகை கேட்க வழி இருக்கிறது. ஃபெராரியும் லம்போர்கினியும் பிறந்த இத்தாலியின் மோடெனா, போலோனா வட்டாரத்துக்காகச் சேர்க்கப்பட்டதால் 'ஃபெராரி திருத்தம்' என்று இதற்குப் பெயர் விழுந்தது.

ஏன் 2035? ஐரோப்பாவில் ஒரு கார் ஏறக்குறைய பதினைந்து ஆண்டு ஓடும் என்பது ஆணையத்தின் கணக்கு. 2050இல் நிகர வெளியேற்றம் சுழியமாக வேண்டும் என்றால், கடைசி பெட்ரோல் கார் 2035இல் விற்றுத் தீர்ந்திருக்க வேண்டும். ஒன்றியத்தின் மொத்தக் கரியமில வாயுவில் கார்களின் பங்கு சுமார் 16 சதவீதம். மின் நிலையங்களும் ஆலைகளும் 1990-ஐவிட வெகுவாகக் குறைத்துக்கொண்டுவிட்டன. போக்குவரத்துத் துறையின் வெளியேற்றம் மட்டும் 1990-ஐவிட அதிகம். கழித்தல் கணக்கு இவ்வளவு எளிது என்பதாலோ என்னவோ, 2021 ஜூலையில் ஆணையம் இதை முன்மொழிந்தபோது பெரிய பூகம்பம் எதுவும் எழவில்லை. பதினான்கு ஆண்டு இருக்கிறதே!

வாக்கும் வாய்தாவும்

1998இல் ஐரோப்பிய கார் உற்பத்தியாளர் சங்கம் ஆணையத்திடம் ஒரு வாக்குக் கொடுத்தது. சட்டம் எதுவும் வேண்டாம், நாங்களே 2008க்குள் சராசரியை 140 கிராமுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம் என்றது. ஆண்டு வந்தது, 140 வரவில்லை. அதன் பிறகே, 2009இல், அபராதத்தோடு கூடிய சட்டம் வந்தது: 2015இல் 130 கிராம், 2020இல் 95 கிராம். 2013இல் 95 கிராமின் விவரங்கள் முடிவாகும் நேரத்தில் ஆங்கெலா மெர்கலின் அரசு குறுக்கே நின்றது. பெரிய, கனமான கார்களைச் செய்யும் ஜெர்மன் நிறுவனங்களுக்கு அந்த எண் கசந்தது. முழு அமலாக்கம் 2021க்குத் தள்ளிப்போனது.

இலக்கை எட்ட ஐரோப்பா அன்று பிடித்துக்கொண்ட கொம்பு டீசல். பெட்ரோலைவிட டீசல் என்ஜின் கரியமில வாயுவைக் குறைவாக விடும். பல நாடுகளில் டீசலுக்கு வரியும் குறைவு. 2015வாக்கில் ஒன்றியத்தில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசல். நுரையீரலைத் தாக்கும் நைட்ரஜன் ஆக்சைடை அது அதிகம் கக்குவதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகனைப் பிடித்தது. சோதனைக்கூடத்தில் இருப்பதை உணர்ந்து, அங்கே மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் மென்பொருளை உலகம் முழுவதும் 1.1 கோடி கார்களில் பொருத்தியிருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஐந்து நாளில் தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார். 2035 தேதியின் உண்மையான பிறப்பிடம் பிரஸ்ஸல்ஸ் அல்ல, அந்த மோசடிதான் என்று சொன்னால் மிகையில்லை. 'எங்களை நம்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லும் தகுதியைத் தொழில்துறை அன்றோடு இழந்தது.

அதன் பிறகு நிறுவனங்கள் சட்டத்தையே முந்திக்கொண்டு தேதி சொன்னதுதான் வேடிக்கை. 2021இல் வோல்வோ, 2030 முதல் மின்சார கார் மட்டுமே விற்போம் என்றது. சந்தை இடம் கொடுக்கும் இடங்களில் 2030க்குள் முழுக்க மின்சாரம் என்றது மெர்சிடிஸ். அவுடி 2033-ஐச் சொன்னது. ஐரோப்பாவில் 2030இலேயே நூறு சதவீதம் என்றது ஸ்டெல்லான்டிஸ். 2024இல் மெர்சிடிஸும் வோல்வோவும் பின்வாங்கின; மற்றவையும் பிறகு அதே வழியில் போயின. ஃபியட் 500-ஐ மின்சார காராகவே செய்துகொண்டிருந்த டூரின் ஆலையில் 2025 நவம்பரில் பெட்ரோல் கலப்பு வகையின் உற்பத்தி தொடங்கியது. இவற்றுள் எதையும் எந்தச் சட்டமும் அவர்கள் மீது திணிக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 'பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளின் பகல் கனவு' என்று இன்று திட்டப்படும் தேதி, நிறுவனங்களே பங்குதாரர்களிடம் சொன்ன தேதியைவிடத் தாராளமானது.

ஒரு சனிக்கிழமை பேரம்

2023 பிப்ரவரி 14 அன்று நாடாளுமன்றம் இறுதி ஒப்புதலைத் தந்தது. மிச்சம் இருந்தது அமைச்சர்கள் கவுன்சிலின் வாக்கு. எல்லாம் பேசி முடித்த பிறகு நடக்கும் இந்த வாக்கெடுப்பு வழக்கமாக வெறும் சடங்கு. மார்ச் முதல் வாரத்தில் ஜெர்மனியின் போக்குவரத்து அமைச்சர் ஃபோல்கர் விஸ்ஸிங் அந்தச் சடங்கை நிறுத்தினார். மின்சாரத்தைக் கொண்டு செயற்கையாகத் தயாரிக்கும் எரிபொருளில் மட்டும் ஓடும் கார்களுக்கு 2035க்குப் பிறகும் இடம் வேண்டும் என்றார். இத்தாலியும் போலந்தும் ஏற்கெனவே முரண்டு பிடித்துக்கொண்டிருந்ததால், ஜெர்மனியும் சேர்ந்தால் சட்டம் விழுந்துவிடும் நிலை.

விஸ்ஸிங்கின் சுதந்திர ஜனநாயகக் கட்சி அப்போது எப்படி இருந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். சமூக ஜனநாயகக் கட்சியுடனும் பசுமைக் கட்சியுடனும் கூட்டணி ஆட்சியில் இருந்த அது, 2022 அக்டோபரில் கீழ்ச் சாக்சனியிலும் 2023 பிப்ரவரியில் பெர்லினிலும் ஐந்து சதவீத வரம்பைத் தாண்ட முடியாமல் மாநில மன்றங்களை விட்டே வெளியேறியிருந்தது. கார் ஓட்டுபவரின் கட்சி என்று காட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு தேவைப்பட்டது. மார்ச் 25, சனிக்கிழமை, ஆணையத்தின் துணைத் தலைவர் ஃபிரான்ஸ் டிம்மர்மன்ஸோடு உடன்பாடு ஏற்பட்டது. சட்டத்தின் உறுப்புகளில் ஒரு எழுத்தும் மாறவில்லை. செயற்கை எரிபொருள் காருக்குத் தனி வகைமை உருவாக்க முயல்வோம் என்று ஆணையம் உறுதி தந்தது. மூன்று நாளில் சட்டம் நிறைவேறியது. போலந்து எதிர்த்தது, இத்தாலி, பல்கேரியா, ருமேனியா வாக்களிக்கவில்லை. விஸ்ஸிங்கின் கட்சிக்கு இதனால் லாபம் எதுவும் இல்லை. 2025 பிப்ரவரித் தேர்தலில் அது ஜெர்மன் நாடாளுமன்றத்திலிருந்தும் வெளியேறியது.

அந்த எரிபொருள் எப்படிப்பட்டது? சிலி நாட்டின் தென்கோடியில், புன்டா அரீனாஸ் அருகே, ஹாரு ஓனி என்ற மாதிரி ஆலை 2022 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. போர்ஷே இதில் பங்காளி. ஓயாமல் காற்று வீசும் இடம். காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்து, கரியமில வாயுவோடு சேர்த்து மெத்தனால் ஆக்கி, அதிலிருந்து பெட்ரோல் வடிக்கிறார்கள். திட்டமிட்ட ஆண்டு உற்பத்தி 1,30,000 லிட்டர். ஒரு காருக்கு வருடம் ஆயிரம் லிட்டர் என்று வைத்தால் 130 கார் ஓடும். இயற்பியலும் இரக்கம் காட்டவில்லை. ஒவ்வொரு படியிலும் ஆற்றல் விரயமாவதால், அதே மின்சாரத்தை நேரடியாக பேட்டரியில் ஏற்றினால் ஓடும் தூரத்தில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் மிஞ்சும். விமானத்துக்கும் கப்பலுக்கும் வேறு வழி இல்லாததால் இந்த எரிபொருள் அங்கே தேவைப்படும். குடும்ப காருக்கு இதைத் தீர்வாகச் சொல்வது, என் பார்வையில், தொழில்நுட்ப வாதம் அல்ல; கால அவகாசம் கேட்கும் மனு.

யாருடைய வேலை?

ஆனால் கேலி செய்து கடந்துவிட முடியாத ஒரு தரப்பு இருக்கிறது. மின்சார காருக்குப் பல வேகப் பற்சக்கரப் பெட்டி வேண்டாம். டீசல் பம்பு, இன்ஜெக்டர், டர்போ, புகைக்குழாய் எதுவும் வேண்டாம். ஜெர்மனியின் சின்ன மாநிலமான சார்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு அந்த மாநிலம் காரை நம்பி வாழ்ந்தது. சார்பிரூக்கனில் இசட்.எஃப். நிறுவனம் கியர்பாக்ஸ் செய்கிறது. ஹோம்பர்கில் போஷ் டீசல் பாகங்கள் செய்கிறது. சார்லூயிஸில் ஃபோர்டு செய்துவந்த ஃபோகஸ் கார் 2025 நவம்பரில் நின்றுபோனது. இசட்.எஃப். 2028க்குள் ஜெர்மனியில் 14,000 பணியிடங்கள் வரை குறைப்பதாக 2024இல் அறிவித்தது. போஷ் 2025 செப்டம்பரில் 13,000 என்றது. ஃபோக்ஸ்வாகனுக்கும் தொழிற்சங்கத்துக்கும் 2024 டிசம்பரில் ஏற்பட்ட ஒப்பந்தப்படி 2030க்குள் 35,000 பணியிடங்கள் போகும். இந்த ஊர்களில் நின்றுகொண்டு பசுமைத் தொழில் புது வேலை தரும் என்று பேசினால், எங்கே, எப்போது, யாருக்கு என்ற கேள்வி உடனே வரும். ஜெர்மனிக்கான மாற்று என்ற தீவிர வலதுசாரிக் கட்சி அந்தக் கேள்வியைத்தான் ஓட்டாக்கியது. 2025 பிப்ரவரியில் அதற்கு 20.8 சதவீத வாக்கு கிடைத்தது.

இந்த வேலை இழப்பை எல்லாம் 2035 சட்டத்தின் கணக்கில் எழுதுவது சரியா? 2019இல் ஒன்றியத்தில் 1.3 கோடி புதிய கார்கள் விற்றன, 2024இல் 1.06 கோடி. கொரோனாவுக்குப் பிறகு சந்தை மீளவே இல்லை. சீனாவில் ஜெர்மன் நிறுவனங்கள் அள்ளிக்கொண்டிருந்த லாபமும் வற்றிவிட்டது. அங்கே விற்கும் புதிய கார்களில் ஏறக்குறைய பாதி, மின்னேற்றம் செய்யும் வகை. அந்தப் பாதியில் வாடிக்கையாளர் தேடுவது பி.ஒய்.டி. போன்ற உள்ளூர்ப் பெயர்களை. பிரஸ்ஸல்ஸ் சட்டத்தை நாளையே கிழித்துப் போட்டாலும் ஷாங்காயில் டீசல் கார் விற்காது.

மின்சாரத்துக்கு மாறிய ஆலை தப்பிக்கும் என்பதும் உறுதி இல்லை. பிரஸ்ஸல்ஸ் நகரின் ஃபோரே பகுதியில் இருந்த அவுடி ஆலை முழுக்க மின்சார கார் செய்தது. சுமார் 3,000 தொழிலாளர்கள். அவர்கள் செய்த க்யூ8 இ-டிரான் என்ற விலையுயர்ந்த காருக்கு ஆர்டர் சரிந்தது. 2024 செப்டம்பரில், மூடப்போகிறார்கள் என்ற சந்தேகம் வலுத்தபோது, தொழிலாளர்கள் தயாரித்து முடித்த சுமார் 200 கார்களின் சாவிகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஆலையின் எதிர்காலம் பற்றித் தெளிவாகப் பேசினால் சாவி தருகிறோம் என்பது அவர்கள் நிபந்தனை. நிர்வாகம் காவல்துறையில் புகார் கொடுப்பதாக மிரட்டியது. 2025 பிப்ரவரி 28 அன்று ஆலை மூடப்பட்டது. 2035 சட்டம் எழுதப்பட்ட அதே நகரத்தில், அந்தச் சட்டம் கேட்டபடியே மாறிய ஆலை அது.

ஸ்வீடனின் நார்த்வோல்ட் கதை இன்னும் கசப்பானது. டெஸ்லாவில் பணியாற்றிய பீட்டர் கார்ல்சன் தொடங்கிய பேட்டரி நிறுவனம் அது. ஆசிய பேட்டரிக்கு ஐரோப்பாவின் விடை என்று கொண்டாடப்பட்டது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே ஷெலெஃப்தியோவில் கட்டிய பெரும் ஆலையால் தரமான செல்களைக் குறித்த நேரத்தில் தர முடியவில்லை. 2024இல் பி.எம்.டபிள்யூ. 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. 2025 மார்ச்சில் நிறுவனம் திவாலானது. இன்னொரு பக்கம், சீனாவின் சி.ஏ.டி.எல். ஹங்கேரியின் டெப்ரெட்சனில் 730 கோடி யூரோ திட்டத்தோடு வந்து இறங்கியது. ஒன்றியம் 2024 அக்டோபரில் சீன மின்சார கார்களுக்கு வழக்கமான 10 சதவீதத்துக்கு மேல் கூடுதல் தீர்வை போட்டது, பி.ஒய்.டி.க்கு 17, எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3 சதவீதம். தன் தொழிலைக் காக்கப் போட்ட அந்தத் தீர்வையை எதிர்த்து வாக்களித்த நாடுகளில் ஜெர்மனியும் ஒன்று. பெய்ஜிங் பதிலடி கொடுத்தால் அடிபடுவது தன் நிறுவனங்கள் என்ற பயம்.

வாங்குபவர் எங்கே?

விவாதத்தில் அதிகம் பேசப்படாத ஓர் உண்மை: ஐரோப்பாவில் புதிய காரை வாங்குவது பெரும்பாலும் குடும்பம் அல்ல. ஆணையத்தின் கணக்கில் சுமார் 60 சதவீதப் புதிய கார்கள் நிறுவனங்களின் பெயரில் பதிவாகின்றன. சாதாரணக் குடும்பம் அதைச் சில ஆண்டு கழித்துக் கைமாற்றில் வாங்குகிறது. பிறகு அது கிழக்கே போலந்துக்கோ ருமேனியாவுக்கோ போகிறது. ஒன்றியத்தில் ஓடும் கார்களின் சராசரி வயது 12 ஆண்டுக்கு மேல். ஆகவே பெரு நிறுவனங்கள் இன்று மின்சார கார் எடுத்தால்தான் ஐந்தாறு ஆண்டு கழித்து ஆசிரியரும் செவிலியரும் கட்டுப்படியான விலைக்கு வாங்க முடியும். 2035 பற்றிய கூச்சலில் இந்தச் சங்கிலி மறைந்துவிடுகிறது.

பிரான்ஸ் பட்டுத் தெரிந்துகொண்டது. 2018 நவம்பரில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் உடுப்புப் போராட்டக்காரர்கள் நாடெங்கும் சாலைச் சந்திப்புகளில் அமர்ந்தார்கள். பேருந்து வராத ஊர்களில் வாழ்ந்து, தினமும் நெடுந்தூரம் ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள் அவர்களில் பலர். அதன் பின் 2024 ஜனவரியில் பாரிஸ் அரசு வேறு வழியில் போனது: குறைந்த வருமானமும் நீண்ட தூரப் பயணமும் உள்ளவர்களுக்கு மாதம் சுமார் 100 யூரோ வாடகைக்கு மின்சார கார். ஆறே வாரத்தில் 50,000 பேர் எடுக்க, திட்டத்தை அந்த ஆண்டுக்கு மூட வேண்டியதாயிற்று. ஏழைகளுக்கு மின்சார கார் பிடிக்காது என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்குப் பிடிக்காதது விலை.

ஜெர்மனி இதற்கு நேரெதிர். 2023 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் பட்ஜெட்டில் ஓட்டை போட்டது. டிசம்பர் நடுவில், ஓரிரு நாள் அவகாசத்தில், மின்சார கார் மானியம் நிறுத்தப்பட்டது. 2024இல் அங்கே மின்சார கார் விற்பனை 27 சதவீதம் சரிந்தது. 'மக்கள் மின்சார காரை நிராகரித்துவிட்டார்கள்' என்று உடனே தலைப்பு வந்தது. மக்கள் நிராகரிக்கவில்லை, கடையின் வாசலில் விலைப்பட்டியலை மாற்றி ஒட்டியது அரசு.

ஒன்றியத்துக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு பெரிது. 2024இல் டென்மார்க்கில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் மின்சாரம். இத்தாலியில் நூற்றுக்கு நான்கு. மின்னேற்று நிலையங்களில் பெரும்பகுதி நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய மூன்று நாடுகளில். ஒரே தேதி எல்லோருக்கும் எப்படிப் பொருந்தும் என்று கிழக்கு நாடுகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. செக் குடியரசில் அந்தக் கேள்வி ஒரு கட்சியாகவே ஆகிவிட்டது. 'வாகன ஓட்டிகள்' என்ற பெயரில் இயங்கும் அது 2025 அக்டோபர் தேர்தலில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்து, ஆண்ட்ரேய் பாபிஷின் அரசிலும் பங்கு பெற்றது.

ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நார்வேயைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1989இல் அ-ஹா இசைக்குழுவினரும் பெல்லோனா சூழல் அமைப்பினரும் மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவை ஓஸ்லோவில் ஓட்டினார்கள். சுங்கச் சாவடியில் வேண்டுமென்றே பணம் கட்ட மறுத்தார்கள். அபராதம் சேர்ந்து கார் பறிமுதலாகி ஏலத்துக்குப் போகும். அவர்களே போய் ஏலம் எடுப்பார்கள். மறுபடி பணம் கட்டாமல் ஓட்டுவார்கள். 1990களில் சுங்கக் கட்டணம் நீங்கியது, 2001இல் மதிப்புக்கூட்டு வரி நீங்கியது. பெட்ரோல் காருக்கு வரி ஏறிக்கொண்டே போனது. ஆட்சிகள் மாறின, திசை மாறவில்லை. 2025இல் அங்கே விற்ற புதிய கார்களில் சுமார் 96 சதவீதம் மின்சாரம். தடைச் சட்டம் எதுவும் இல்லை. நார்வேக்குக் காப்பாற்ற வேண்டிய கார் ஆலை இல்லை, நீர்மின்சாரம் ஏராளம், மானியத்துக்கான பணம் எண்ணெய் விற்று வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணெய் விற்ற காசில் எண்ணெயை விட்ட நாடு!

நிலையான திசைக்கு எதிர் உதாரணம் பிரிட்டன். 2017இல் 2040 என்றார்கள். 2020 பிப்ரவரியில் 2035. அதே ஆண்டு நவம்பரில் 2030. 2023 செப்டம்பரில் ரிஷி சுனக் மீண்டும் 2035. பிறகு வந்த தொழிற்கட்சி அரசு மறுபடி 2030. சுனக் தள்ளிவைத்தபோது கோபப்பட்டது சூழல் அமைப்புகள் மட்டுமல்ல. ஃபோர்டு நிறுவனத்தின் பிரிட்டன் கிளையும்தான். ஏற்கெனவே பணம் போட்டுவிட்ட நிறுவனத்துக்குத் தேதி முன்னே போவதும் பின்னே போவதும் ஒரே மாதிரி நஷ்டம்.

2025இல் நடந்தது

2024 ஜூன் தேர்தலில் ஐரோப்பிய மக்கள் கட்சி மீண்டும் முதலிடம் பிடித்தது. அதன் வலப்பக்கம் இருந்த கட்சிகளும் வளர்ந்தன. என்ஜின் தடையை நீக்குவது மக்கள் கட்சியின் பிரசாரப் பொருள். தேர்தலுக்குச் சற்று முன் அதன் ஜெர்மன் அங்கமான கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம் இணையத்தில் ஒரு கருத்துக் கணிப்பு வைத்தது. பெரும்பாலானோர் தடை இருக்கட்டும் என்று வாக்களிக்கவே, யாரோ தில்லுமுல்லு செய்துவிட்டார்கள் என்று சொல்லிக் கணிப்பையே எடுத்துவிட்டார்கள்.

2025 பிறந்ததும் அந்த ஆண்டின் 15 சதவீதக் குறைப்பு அமலுக்கு வந்தது. அபராதம் 1,500 கோடி யூரோவைத் தொடும் என்று தொழில்துறை அபாயச் சங்கு ஊதியது. நிறுவனங்கள் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. அதன்படி ஸ்டெல்லான்டிஸ், டொயோட்டா, ஃபோர்டு போன்றவை டெஸ்லாவோடும், மெர்சிடிஸ் சீன முதலாளியின் கையில் இருக்கும் வோல்வோவோடும் சேர்ந்தன. மார்ச் மாதம் ஆணையத் தலைவர் உர்சுலா ஃபான் டெர் லாயன், அந்த ஆண்டின் இலக்கை 2027 வரை மூன்றாண்டுச் சராசரியாகக் காட்டினால் போதும் என்று இறங்கிவந்தார். ஒரு கதவு திறந்ததும் அடுத்த கதவைத் தட்டினார்கள். ஜெர்மன் பிரதமர் ஃபிரீட்ரிஷ் மெர்ட்ஸ் 2035இலும் தளர்வு கேட்டுக் கடிதம் எழுதினார்; இத்தாலியின் ஜோர்ஜா மெலோனி வெகுநாளாகக் கேட்டுவந்தது அது. ஸ்பெயினும் பிரான்சும் தேதியைத் தொடாதீர்கள் என்றன. டன்கிர்க்கிலும் சாகுன்டோவிலும் சரகோசாவிலும் பேட்டரி ஆலைகளுக்குப் பணம் கொட்டியாகிவிட்டது. கொள்கை என்று பேசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் எந்த ஊரில் எந்த ஆலை இருக்கிறது என்பதன் நிழல்.

டிசம்பர் முன்மொழிவின்படி 2035இல் சராசரி 90 சதவீதம் குறைந்தால் போதும். மிச்சப் பத்தை நிறுவனங்கள் ஈடுகட்ட வேண்டும்: ஐரோப்பாவில் செய்த குறைகரிம எஃகைப் பயன்படுத்தி ஏழு வரை, செயற்கை எரிபொருள், உயிரி எரிபொருள் வழியே மூன்று வரை. ஐரோப்பாவில் செய்யும் சிறிய, மலிவான மின்சார காருக்குக் கூடுதல் மதிப்பெண். பெரு நிறுவனங்களின் வாகனங்களுக்குத் தேசிய இலக்கு. வேன்களின் 2030 இலக்கு 50இலிருந்து 40 சதவீதமாகக் குறையும். இது சட்டமாவதற்கு நாடாளுமன்றமும் கவுன்சிலும் ஒப்ப வேண்டும்.

இதில் நல்லது இருக்கிறது. சிறு காருக்கான சலுகையும், பெரு நிறுவன இலக்கும் முன்பே வந்திருக்க வேண்டியவை. ஆனால் அந்தப் பத்து சதவீதத்தின் வழியாக நுழையப்போவது யார்? சார்லாந்தின் கியர்பாக்ஸ் தொழிலாளி என்று பேசப்படுகிறது. மின்னேற்றமும் பெட்ரோலும் கலந்த பிளக்-இன் வகைதான் பெருமளவில் நுழையும் என்பது என் கணிப்பு. அந்த வகை சாலையில் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆணையமே 2024இல் வெளியிட்டது: கார்களின் கணினியிலிருந்தே எடுத்த தரவின்படி, உண்மையான வெளியேற்றம் சான்றிதழில் சொன்னதைப்போல மூன்றரை மடங்கு. காரணம் எளிது. பலர் பிளக்கைச் செருகுவதே இல்லை. நிறுவனம் தரும் எரிபொருள் அட்டை இருக்கும்போது ஏன் செருக வேண்டும்? ஏட்டில் ஒன்று, சாலையில் ஒன்று என்ற பழைய டீசல் பாடம் இங்கே சட்டபூர்வமாகவே திரும்புகிறது.

பத்து சதவீதம் பருவநிலைக்குச் செய்யும் சேதத்தைவிட, நம்பகத்தன்மைக்குச் செய்யும் சேதம் பெரிது. எண்கள் ஒரு செய்தியைச் சொல்கின்றன. 2019இல் ஒன்றியத்தில் மின்சார கார்களின் பங்கு 1.9 சதவீதம். 95 கிராம் இலக்கு அமலாகத் தொடங்கிய 2020இல் அது 5.4 ஆயிற்று, 2021இல் 9.1. புதிய படி எதுவும் இல்லாத 2024இல் 13.6க்குச் சரிந்தது, முந்தைய ஆண்டு 14.6. அடுத்த படி வந்த 2025இல் 17.4க்கு ஏறியது. மானியமும் புதிய மாதிரிகளும் காரணம்தான். ஆனாலும் சந்தை எந்த ஆண்டில் அசைந்தது என்று பார்த்தால், சட்டத்தின் படிக்கட்டு இருந்த ஆண்டில். மலிவான மாதிரிகளை நிறுவனங்கள் எடுத்துவைத்திருந்து, இலக்கு கழுத்தை நெரிக்கும் ஆண்டில் கடைக்கு அனுப்புகின்றன. படிக்கட்டை அகலமாக்கினால் நடை மெதுவாகும்.

சார்லாந்து கேட்ட கேள்விக்கு, ஆனால், நூறும் பதில் சொல்லவில்லை, தொண்ணூறும் சொல்லவில்லை. நிலக்கரி மின்சாரத்தைக் கைவிட ஜெர்மனி 2020இல் சட்டம் போட்டபோது, சுரங்கப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. கார் பாகத் தொழிலை நம்பிய ஊர்களுக்கு அந்த அளவில் எந்த நிதியும் இல்லை. எதிர்ப்பின் வேர் அங்கே இருக்கிறது. அதைத் தொடாமல் தேதியை மட்டும் மாற்றினால், 2030இன் 55 சதவீதப் படி வரும்போது இதே கடிதங்கள் இதே முகவரிக்கு மீண்டும் வரும்.